"உங்கள் அம்மாவுக்கு எந்த மூட்டு, எந்த வயதில்?" - மூட்டு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மூட்டு மருத்துவர்களே,

வணக்கம்.

என் வலது ஆள்காட்டி விரலின் நுனி மூட்டில் பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு விழுந்தபோது எனக்கு வயது 46. ஆறு மாதத்தில் நடுவிரலிலும் ஒன்று. யாரும் சொல்லாமலே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த விரல்களை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த என் அம்மாவின் விரல்கள் அவை. அதே மேடு, நுனியில் அதே சிறு கோணல்.

முதலில் பார்த்த மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, "தேய்மானம்தான்" என்றார். அம்மாவுக்கும் இப்படி இருந்தது என்றேன். "அப்படியா, அப்போ பரம்பரை. ஒன்றும் செய்ய முடியாது. வலித்தால் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிட்டார். நான்கு வருடம் கழித்து முழங்கால் வலிக்காக வேறொரு மருத்துவரிடம் போனேன். அதே பேச்சை எடுத்தேன். "பரம்பரையெல்லாம் ஒன்றும் கிடையாது. வயசு ஆகிறது, எடையும் கொஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான்" என்றார் அவர்.

இருவரும் நல்லவர்கள், அக்கறையாகத்தான் பார்த்தார்கள். ஒருவர் பரம்பரை என்று சொல்லிக் கதவைச் சாத்தினார், இன்னொருவர் பரம்பரை இல்லை என்று சொல்லிச் சாத்தினார். அம்மாவுக்கு எந்த மூட்டில், எந்த வயதில் வந்தது என்று இருவருமே கேட்கவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல்.

நான் மருத்துவர் இல்லை. பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகு நேரம் இருந்தது, வலியும் இருந்தது, எனவே படித்தேன். உங்களுக்குத் தெரிந்தவற்றையே சில இடங்களில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தும் அவை நோயாளியின் காதுக்கு வந்து சேருவதில்லை என்பதுதான் என் குறை.

விரலிலிருந்தே தொடங்குகிறேன். நுனி மூட்டு முடிச்சுக்கு ஹெபர்டன் முடிச்சு என்று பெயர். வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவரின் குறிப்புகள் அவர் இறந்த மறு வருடம், 1802இல், புத்தகமாக வந்தன. பட்டாணி அளவுள்ள இந்தக் கட்டிகளுக்கும், யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் கவுட் நோய்க்கும் தொடர்பு இல்லை என்று அதில் எழுதியிருந்தார். 1940களில் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டெக்கர் என்பவர் முடிச்சு உள்ள பெண்களின் தாய், சகோதரிகளையெல்லாம் தேடிப்போய்ப் பார்த்தார். குடும்பம் குடும்பமாக வருகிறது என்று கண்டார். ஒரே ஒரு மரபணுதான் காரணம், பெண்களிடம் அது ஓங்கி நிற்கிறது, ஆண்களிடம் ஒடுங்கிவிடுகிறது என்று கணக்கும் போட்டார். அந்தக் கணக்கு தப்பு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அவர் பார்த்தது தப்பு இல்லை. டி.என்.ஏ.வின் வடிவம் தெரிவதற்கு முன்பே, வெறுமனே குடும்பத்தாரின் கைகளைப் பிடித்துப் பார்த்தே இதைக் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

எக்ஸ்ரே அறிக்கையில் 'கே.எல். கிரேடு 3' என்று எழுதுகிறீர்களே, அந்த 'கே' கெல்கிரன் என்ற மருத்துவரின் பெயர், 'எல்' லாரன்ஸ் என்பவருடையது. மூட்டு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் மதிப்பிடும் அந்த அளவுகோலை 1957இல் வகுத்தவர்கள். அதே இருவர் 1963இல், பல மூட்டுகளில் ஒருசேர வரும் தேய்மானம் குடும்பங்களில் எப்படி ஓடுகிறது என்றும் ஆராய்ந்து எழுதினார்கள். அவர்களுடைய கிரேடு மட்டும் எல்லா அறிக்கையிலும் ஏறிக்கொண்டது. குடும்பத்தைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்வி அறிக்கையில் ஏறவில்லை.

அப்புறம் இரட்டையர் ஆய்வு. 1996இல் பிரிட்டனில் 48 முதல் 70 வயதுக்குள் இருந்த இரட்டைப் பெண்களை எடுத்துக்கொண்டார்கள். 130 ஜோடி ஒரே கருமுட்டையிலிருந்து வந்தவர்கள், 120 ஜோடி வெவ்வேறு கருமுட்டைகளிலிருந்து வந்தவர்கள். முன்னவர்களுக்கு மரபணு கிட்டத்தட்ட முழுக்க ஒன்று, பின்னவர்களுக்குச் சராசரியாகப் பாதி. ஒரே வீடு, ஒரே வளர்ப்பு என்பது இரு தரப்புக்கும் பொது. அப்படியிருந்தும் முதல் வகை ஜோடிகளின் கை, முழங்கால் எக்ஸ்ரேக்கள் ஒன்றோடொன்று அதிகமாக ஒத்துப்போயின. கை, முழங்கால் மூட்டுத் தேய்மானத்தில் மரபின் பங்கு 39 முதல் 65 விழுக்காடு என்று கணக்கு வந்தது. 2000இல் இடுப்பு மூட்டுக்கு இதே போன்ற ஆய்வு செய்தபோது, பெண்களிடம் சுமார் 60 விழுக்காடு வந்தது. ஆகவே "பரம்பரையெல்லாம் ஒன்றும் கிடையாது" என்ற என் இரண்டாவது மருத்துவரின் பேச்சு நிற்காது.

முதல் மருத்துவரின் பேச்சும் நிற்காது. அதைச் சொல்ல, இந்த விழுக்காட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 60 விழுக்காடு என்றால் என் இடுப்பில் 60 பங்கு அம்மா கொடுத்தது, 40 பங்கு நானே தேடிக்கொண்டது என்று அர்த்தம் இல்லை. இது ஒரு கூட்டத்தைப் பற்றிய எண், தனி ஆளைப் பற்றியது அல்ல. வகுப்பில் நான் சொன்ன உதாரணத்தையே இங்கும் சொல்கிறேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஆசிரியர், ஒரே புத்தகம், வீட்டில் ஒரே வசதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மதிப்பெண்ணில் வரும் வித்தியாசம் பெரும்பாலும் பிறவி வித்தியாசமாகத்தான் தெரியும். அதே வகுப்பில் பாதிப் பேருக்குப் புத்தகமே இல்லை என்றால் பிறவியின் 'பங்கு' குறைந்துவிடும். எந்தப் பிள்ளையின் மூளையும் இதற்காக மாறவில்லை, சுற்றி இருந்த நிலைமைதான் மாறியது. மூட்டுக்கும் அப்படித்தான். உடல் எடையும் காயமும் வேலைச் சுமையும் ஆளுக்கு ஆள் மாறுகிற கூட்டத்தில் மரபின் விழுக்காடு ஒன்றாக இருக்கும், எல்லாரும் ஒரே மாதிரி வாழ்கிற கூட்டத்தில் வேறாக இருக்கும். அதனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு நோயாளியிடம் 'ஒன்றும் செய்ய முடியாது' என்று சொல்ல வழியில்லை. கிட்டப்பார்வையும்தான் குடும்பத்தில் ஓடுகிறது. கண்ணாடி போட்டுப் பயனில்லை என்று யாராவது சொல்கிறோமா?

சரி, மரபு என்றால் எந்த மரபணு? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

1990இல் ஒரு குடும்பத்தைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அந்தக் குடும்பத்தில் இளம் வயதிலேயே பல மூட்டுகள் கெட்டன. குருத்தெலும்பின் முக்கியக் கட்டுமானப் புரதமான இரண்டாம் வகை கொலாஜெனில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது, 519ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் சிஸ்டீன். ஒரு நீண்ட வாக்கியத்தில் ஓர் எழுத்துப் பிழை, மொத்த மூட்டும் போய்விட்டது. அதைப் படித்தவர்கள் எல்லாருடைய தேய்மானத்துக்கும் இப்படி ஒரு எழுத்துப் பிழை கிடைத்துவிடும் என்று நம்பியிருக்கலாம். கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட குடும்பங்கள் மிக அரிது.

சாதாரண ஆட்களிடம் கிடைத்தது வேறு மாதிரி. 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஜி.டி.எஃப்.5 என்ற மரபணுவைப் பற்றி எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்த மரபணு இது. கருவில் கை கால் உருவாகும்போது உள்ளே எலும்பு இருக்காது, குருத்தெலும்புதான் நீளமாக ஓடும். அது எங்கே பிரிந்து மூட்டாக வேண்டுமோ, அந்த இடத்தில் வேலை செய்வது ஜி.டி.எஃப்.5. இந்த மரபணு மோசமாகக் கெட்டால் விரல்கள் குட்டையாகப் பிறக்கும். ஆனால் ஜப்பானியர் கண்டது அவ்வளவு பெரிய கேடு அல்ல. மரபணுவின் முன்பகுதியில் ஒரு சின்ன மாற்றம், அதனால் புரதம் கொஞ்சம் குறைவாக உற்பத்தியாகிறது, அவ்வளவுதான். அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு இடுப்பு, முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு கூடுகிறது. மரபணுத் தொடரின் இதே பகுதிக்கும் மனிதரின் உயரத்துக்கும் தொடர்பு உண்டு என்று அடுத்த வருடமே தெரிந்தது. மூட்டுக் கேட்டோடு சேர்ந்து வரும் வகை ஆளைச் சற்றே குள்ளமாக்குகிறது. ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் இது மிகப் பரவலான வகை. ஏதோ ஒரு பழைய காலத்தில் அதனால் நன்மை இருந்திருக்க வேண்டும், அதனால்தான் இத்தனை பேரிடம் பரவியது என்று பரிணாமம் படிப்பவர்கள் சொல்கிறார்கள். பிள்ளை பெற்று வளர்த்து முடித்த பிறகு ஐம்பது வயதில் முழங்கால் வலித்தால் இயற்கைத் தேர்வுக்கு அது பொருட்டே இல்லை.

என் முழங்காலின் கதை என் அம்மாவின் வயிற்றில் நான் விரல் அளவு இருந்தபோதே தொடங்கியிருக்கலாம் என்பதை இதைப் படித்த அன்று உட்கார்ந்து யோசித்தேன். இந்த இடத்தில் உங்களிடம் ஒரு சொல்லைப் பற்றிச் சண்டை போட வேண்டும்.

'தேய்மானம்.' நாம் எல்லாரும் சொல்கிறோம், நானும் இந்த மடல் முழுக்க அதைத்தான் எழுதுகிறேன், வேறு சொல் மக்களுக்குப் புரியாது. ஆனால் டயர் தேய்கிறது, செருப்பு தேய்கிறது என்று சொல்லும் அதே சொல் இது. அதைக் கேட்கும் நோயாளி என்ன முடிவுக்கு வருகிறார்? நடந்தால் இன்னும் தேயும், எனவே நடக்கக் கூடாது என்ற முடிவுக்கு வருகிறார். வலி குறைய எந்தத் தசை வலுவாக வேண்டுமோ அதுவே உட்கார்ந்து உட்கார்ந்து மெலிகிறது. உண்மையில் மூட்டு உயிருள்ள உறுப்பு. உடைவதும் பழுதுபார்ப்பதும் அங்கே எப்போதும் நடக்கின்றன. பழுதுபார்ப்பு பின்தங்கும்போது குருத்தெலும்பு மட்டுமல்ல, அடியில் உள்ள எலும்பு, மூட்டுச் சவ்வு எல்லாமே மாறுகின்றன. என் விரலில் இருக்கும் முடிச்சையே பாருங்கள். தேய்ந்த இடத்தில் பள்ளம்தானே விழ வேண்டும்? இங்கே எலும்பு புதிதாக வளர்ந்து மேடாகியிருக்கிறது. மரபணு ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. கிடைத்த மரபணுக்களில் பல, எலும்பும் குருத்தெலும்பும் வளர்வதோடும், திசுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதோடும் சம்பந்தப்பட்டவை. உராய்வைப் பற்றிய கதை அல்ல இது, வடிவமைப்பையும் பராமரிப்பையும் பற்றிய கதை.

ஜி.டி.எஃப்.5க்குப் பிறகு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 2012இல் பிரிட்டனில் ஆர்க்கோஜென் என்ற கூட்டாய்வு 7,410 நோயாளிகளை வைத்து, மரபணுத் தொடரில் இந்த நோயோடு தொடர்புள்ள ஐந்து புதிய இடங்களை உறுதியாகச் சொன்னது. 2019இல் 77,000 நோயாளிகள், 64 இடங்கள். 2021இல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், நூறு மாற்றங்கள். அவற்றில் சில பெண்களிடம் மட்டும் தெரிந்தன, சில இளம் வயதில் வரும் நோயோடு ஒட்டியிருந்தன. 2025இல் கிட்டத்தட்ட 20 லட்சம் பேர், 962 தொடர்புகள், அவற்றில் பாதிக்கு மேல் புதியவை. அவற்றிலிருந்து சுமார் 700 மரபணுக்களை ஆய்வாளர்கள் நம்பிக்கையோடு சுட்டினார்கள். இவற்றில் பத்தில் ஒரு பங்கு, வேறு நோய்களுக்கு ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்துகளின் இலக்குகள். இதைப் படித்துவிட்டு நாளைக்கே மருந்து வந்துவிடும் என்று நான் துள்ளவில்லை. தேய்மானத்தின் போக்கை நிறுத்தும் மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இத்தனை மாற்றங்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் நோய் வரும் வாய்ப்பை நூற்றுக்கு ஐந்து, பத்து, இருபது என்ற அளவில்தான் கூட்டுகின்றன. அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது ஒரே பெரிய நோட்டு அல்ல, கை நிறையச் சில்லறை. என் அக்காவுக்கும் அதே பெற்றோரிடமிருந்துதான் வந்தது, ஆனால் வேறு காசுகள். அவருக்கு 61 வயது, விரல்கள் இன்னும் நேராக இருக்கின்றன. 'தாயைப் போல பிள்ளை' என்பது எங்கள் வீட்டில் பாதிதான் பலித்தது.

சில்லறை என்பதால்தான் மற்றக் காரணங்களுக்கு இடம் இருக்கிறது. முழங்காலுக்கு அந்த இடம் அதிகம். நடக்கும்போது ஒரு கிலோ உடல் எடை குறைந்தால் முழங்காலின் மேல் ஒவ்வோர் அடியிலும் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில், பத்து வருடக் காலத்தில் சுமார் ஐந்து கிலோ எடை குறைத்த பெண்களுக்கு வலியுள்ள முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது. 1992இல் வெளியான முடிவு அது. காயமும் அப்படித்தான். முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். நாரோ உள்ளே மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்போ கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து, இருபது வருடத்தில் தேய்மானம் வருகிறது. முப்பது வயதில் ஐம்பது வயதுக் கால். குடும்பத்தில் நோய் உள்ள ஒரு பிள்ளை விளையாடப் போகிறாள் என்றால், குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளும் பயிற்சியை அவளுக்குத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். பரம்பரை என்றால் கைவிட வேண்டிய ஆள் என்று எடுத்துக்கொள்கிறோம், முன்கூட்டியே கவனிக்க வேண்டிய ஆள் என்றல்லவா எடுத்துக்கொள்ள வேண்டும்?

எடையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எடைக்கும் மரபு உண்டு. உடல் பருமனோடு தொடர்புள்ள எஃப்.டி.ஓ. என்ற மரபணு, தேய்மான ஆய்வுகளிலும் தலைகாட்டுகிறது. பருமனைக் கூட்டுவதன் வழியாகவே அது மூட்டைத் தொடுகிறது. ஆகவே "எடைதான், பரம்பரை இல்லை" என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது சரிவராது. நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமலும் எடையைப் பற்றிப் பேசலாம். எத்தனை பேர் அந்த ஒரு பேச்சுக்குப் பயந்து உங்களிடம் வராமலே இருக்கிறார்கள் தெரியுமா?

இதுவரை சொன்னது பெரும்பான்மையோர் கதை. உலகத்தில் 2020இல் இந்த நோயோடு வாழ்ந்தவர்கள் 59 கோடியே 50 லட்சம் பேர் என்று ஒரு மதிப்பீடு. அத்தனை பேர் நடுவில் ஒளிந்துகொள்ளும் சிலரைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. தேய்மானம் என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டால் இவர்கள் தப்பிப் போய்விடுவார்கள்.

2011இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சில குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். இளம் வயதிலேயே மூட்டுத் தேய்மானம், கூடவே மகாதமனியும் மற்ற ரத்தக் குழாய்களும் வீங்கி வெடிக்கும் ஆபத்து. காரணம் ஸ்மாட்3 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றம். இந்தக் குடும்பத்தவர் பலர் முதலில் காட்டுவது இதயத்தை அல்ல, வலிக்கும் முழங்காலையும் முதுகையும்தான். அதாவது அவர்கள் முதலில் வந்து உட்காரும் நாற்காலி உங்களுடையது. "வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்தார்களா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரு ஸ்கேன் எடுத்திருப்பீர்கள், ஓர் உயிர் தங்கியிருக்கும்.

ஸ்டிக்லர் நோய் இன்னொன்று. பெரும்பாலும் அதே இரண்டாம் வகை கொலாஜென் மரபணுதான். சின்ன வயதிலேயே கடுமையான கிட்டப்பார்வை, சிலருக்கு அண்ணப் பிளவு, காது மந்தம், விழித்திரை கழன்று பார்வை போகும் ஆபத்து, இவற்றோடு முன்கூட்டியே வரும் தேய்மானம். மூட்டுக்காக வந்தவரின் தடித்த கண்ணாடியைக் கவனித்துக் கண் மருத்துவரிடம் அனுப்பினால் அவர் பார்வையைக் காப்பாற்றலாம்.

அல்காப்டன்யூரியா என்ற நோயை 1902இல் ஆர்ச்சிபால்ட் கேரோட் என்ற ஆங்கிலேய மருத்துவர் விளக்கினார். மனிதரில் மெண்டலின் விதிப்படி மரபுவழி வருவதாக முதலில் அடையாளம் காணப்பட்ட நோய்களில் அது ஒன்று. சிறுநீர் வைத்திருந்தால் கறுக்கும். ஒரு நொதி வேலை செய்யாததால் சேரும் பொருள் குருத்தெலும்பில் படிந்து அதையும் கறுப்பாக்கி நொறுங்க வைக்கும். முப்பது, நாற்பது வயதில் முதுகும் இடுப்பும் முழங்காலும் போகும். அந்தப் பொருள் உண்டாவதையே குறைக்கும் நிட்டிசினோன் மருந்துக்கு 2020இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்திருக்கிறது. அறுவை சிகிச்சை மேசையில் மூட்டைத் திறந்து கறுப்பைக் கண்ட பிறகுதான் நோய் தெரியவந்தது என்று எழுதப்பட்ட மருத்துவக் கட்டுரைகள் ஒன்றிரண்டல்ல. சிறுநீர் நிறத்தைப் பற்றி ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

அடுத்து, உடலில் இரும்புச் சத்து மிகுந்து சேரும் ஹீமோகுரோமட்டோசிஸ். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் அடியில் இருக்கும் கணு மூட்டுகளில் தேய்மானம் தெரிந்தால் இதை நினைக்க வேண்டும், ஏனென்றால் சாதாரணத் தேய்மானம் அந்த இடத்துக்கு அதிகம் போவதில்லை. இரும்பின் நிலையைக் காட்டும் ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் பார்க்கும் ரத்தப் பரிசோதனை போதும், சந்தேகம் தீர்ந்துவிடும் அல்லது வலுக்கும். அவ்வப்போது ரத்தம் எடுப்பதுதான் சிகிச்சை. மூட்டு வலி அதனால் முழுக்கத் தீராமல் போகலாம், ஆனால் கல்லீரலும் இதயமும் பிழைக்கும்.

இவையெல்லாம் அரிது என்பீர்கள். உண்மைதான். ஆனால் முப்பது வயதில் இடுப்பு மூட்டு கெட்டவர் வருவதும் உங்களுக்கு அரிதுதானே? அந்த அரிதான ஆளுக்கு மட்டும் பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மரபு முக்கியம் என்று இவ்வளவு எழுதிவிட்டதால், எல்லாருக்கும் மரபணுப் பரிசோதனை எழுதிக்கொடுங்கள் என்று கேட்பதாக நினைக்க வேண்டாம். எதிர்மாறாகச் சொல்கிறேன். மேலே சொன்ன அரிய நோய்களின் சந்தேகம் இருந்தால் பரிசோதனை தேவை. மற்றவர்களுக்கு, எச்சிலை அனுப்பினால் உங்கள் மூட்டின் எதிர்காலத்தைச் சொல்கிறோம் என்று விற்கப்படும் பொட்டலங்களை ஆதரிக்காதீர்கள். அந்தச் சில்லறையையெல்லாம் கூட்டி ஒரு மதிப்பெண் போட முடியும், போடுகிறார்கள். ஆனால் வயது, எடை, பழைய காயம் இவற்றைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த மதிப்பெண் தனி ஆளைப் பற்றிக் கூடுதலாகச் சொல்வது கொஞ்சம்தான். தவிர, அந்தப் பெரிய ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஓரிடத்தில் கிடைத்த முடிவு இன்னோரிடத்தில் அப்படியே பொருந்துவதில்லை. அஸ்போரின் என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தை 2005இல் ஜப்பானில் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னார்கள். ஐரோப்பியர்களிடம் தேடியபோது அது வலுவாகத் தெரியவில்லை. பெய்ஜிங்கில் முதியவர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, இடுப்புத் தேய்மானம் அமெரிக்க வெள்ளையர்களைவிட 80 முதல் 90 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆனால் அதே ஊர்ப் பெண்களின் முழங்கால் அமெரிக்கப் பெண்களின் முழங்காலைவிட மோசமாக இருந்தது. ஒரு மூட்டைப் பற்றித் தெரிந்ததை இன்னொரு மூட்டுக்கே மாற்றிச் சொல்ல முடியாதபோது, ஒரு கூட்டத்தாரின் மதிப்பெண்ணை இன்னொரு கூட்டத்தாருக்கு எப்படி விற்கலாம்?

வாய் திறந்து கேட்கும் கேள்வியே இன்னமும் மலிவான மரபணுச் சோதனை. ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "குடும்பத்தில் யாருக்காவது மூட்டுத் தேய்மானம் உண்டா?" என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்பார்கள். பொய் சொல்வதில்லை. முந்திய தலைமுறையில் பலருக்கு எக்ஸ்ரேயே எடுத்திருக்க மாட்டார்கள். 'வாதம்' என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடக்கியிருப்பார்கள். அதற்குள் முடக்குவாதமும் இருக்கும், கவுட்டும் இருக்கும், தேய்மானமும் இருக்கும். மூட்டு மாற்று சிகிச்சை நடந்ததா என்ற கேள்வியும் அரைகுறைதான். வசதி இருந்தவர்களுக்கு நடந்திருக்கும், மற்றவர்கள் வலியோடு வாழ்ந்து முடித்திருப்பார்கள். ஆகவே நோயின் பெயரைக் கேட்காமல் ஆளைப் பற்றிக் கேளுங்கள். அம்மா படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாரா, எந்த வயதிலிருந்து? விரல் நுனிகள் கோணியிருந்தனவா? கால் வில்லாக வளைந்ததா? காலையில் விறைப்பு சீக்கிரம் விட்டதா, மத்தியானம் வரை இருந்ததா? அப்பா பக்கத்தில் யாராவது நொண்டி நடந்தார்களா? அவர்களுக்கு அடி ஏதாவது பட்டிருந்ததா? அப்பாவைப் பற்றிக் கேட்க மறந்துவிடாதீர்கள். பெண் நோயாளி என்றால் அம்மாவோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது.

பதிலை எழுதியும் வையுங்கள். யார், எந்த மூட்டு, எந்த வயது, இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுதலாம்.

என் மகளுக்கு 24 வயது. வாலிபால் ஆடுவாள். போன வருடம் குதித்து இறங்கும்போது இடது முழங்கால் திருகிக்கொண்டது. ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது என்று அவளே சொல்லிக்கொண்டாள், யாரிடமும் காட்டவில்லை. மறுபடி வலிக்கிறது என்று இப்போது ஒத்துக்கொண்டிருக்கிறாள். உங்களில் யாராவது ஒருவரிடம் அடுத்த வாரம் வந்து உட்காருவாள். தானாக எதையும் சொல்ல மாட்டாள், எனவே நான் சொல்லிவிடுகிறேன். முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்: பாட்டிக்கு இரண்டு முழங்காலிலும் 63 வயதில் மாற்று சிகிச்சை, விரல் முடிச்சுகள் 45 வயதிலிருந்து. அம்மாவுக்கு விரல்கள் 46, வலது முழங்கால் 50. அப்பா வழியில் ஒருவருக்கும் இல்லை, தாத்தா 80 வயதிலும் கைப்பிடி இல்லாமல் படியேறினார். இளம் வயதில் திடீர் மரணம் எந்தப் பக்கமும் இல்லை.

மற்றதை அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் உயிரியல் ஆசிரியை